அட்டை கடிக்காத கால்கள்

யோசிக்கும்போது அவருடைய ஆள்காட்டி விரல் மூக்குக்குப் போகும். வலது மூக்கின் மடிப்பில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, எதிரில் நிற்கிற ஆளைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். பார்த்து முடித்துவிட்டு, "எதுவும் சும்மா நடக்காது தங்கச்சி" என்பார். இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே அந்த மனிதர் எங்கள் கடைவீதியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பெரிய அறிவாளியாக இருந்துவிட்டார்.

பூண்டுலோயா பஸ் திரும்புகிற வளைவில் அவருடைய கொமியூனிகேஷன் கடை இருந்தது. போட்டோ கொப்பி எடுப்பார், போனுக்கு ரீலோட் போடுவார், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பார், விண்ணப்பம் நிரப்புவார். தோட்டத்தின் மூன்று டிவிசன் சனத்துக்கும் அந்த ஒரு கடைதான். பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, புருஷன் விட்டுப் போன கடுதாசி எல்லாவற்றையும் அவருடைய கண்ணாடித் தட்டில்தான் கவிழ்த்து வைக்கவேண்டும். கொப்பி எடுக்கிற வெளிச்சம் ஓடும்போது அவர் கண்ணும் கூடவே ஓடும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஆனால் படிவம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். ஒரு கட்டத்தில் பிழையாக எழுதிவிட்டால் யாராவது வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். அதனால் ஒவ்வொரு தடவையும் அவரிடம்தான் போவேன். அவர் கேட்கிற கேள்விக்குள்ளேயே பதில் இருக்கும். "புருஷன் மாசத்துக்கு ஒருக்கா வாறாரு, இல்லியா? அதுக்கும் சண்ட, இல்லியா?" என்பார். நான் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டுவேன். அந்த ஆட்டலை வைத்து அவர் ஒரு கதை முடித்துவிடுவார். அவரை நான் "சார்" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கழுவவேண்டும்போல இருக்கிறது.

அவர் பேஸ்புக்கில் ஒரு குழு நடத்தினார். உலகத்தில் எங்கே ஆள் காணாமல் போனாலும் அந்தக் குழுவில் உட்கார்ந்து தேடுவார்கள். கத்தாரில் வீட்டு வேலை செய்கிற பெண்கள், கனடாவுக்குப் போன பையன்கள், ஹட்டனில் கோழிக்கடை வைத்திருக்கிற ஒருவர் என்று நிறையப் பேர் அதில் இருந்தார்கள். அந்தக் கோழிக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பாராம். எந்த ஊரிலோ வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று தொலைந்தபோது, அந்தப் பிள்ளையின் அறைக்கு எத்தனை ஜன்னல் என்று எங்கள் ஆளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எத்தனை கான் ஓடுகிறது என்று தெரியாது. மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்கத் தேயிலைக்குள் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். இடுப்பளவு ஆழத்துக்கும் இருக்கும்.

அவரைப் பற்றி எனக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும். தண்ணீர்க் குழாய் உடைந்த சங்கதியில் தெரிந்திருக்கவேண்டும்.

ஒருநாள் காலையில் எங்கள் லயத்துக்கு வருகிற குழாய் மேலே எங்கேயோ உடைந்து, சொட்டுத் தண்ணீர் இல்லை. மனிதர் போனைத் தூக்கிக்கொண்டு லைவ் போட வந்துவிட்டார். குழாய்க்குக் கிட்டே போகவில்லை. லயத்து வாசலில் நின்றே, "இது திட்டமிட்ட வேலை" என்று பேசினார். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பழைய பகை, சங்கத்துத் தலைவருக்கு ஒரு மச்சான், அந்த மச்சானிடம் ஒரு சுத்தியல் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த நேரம் செபமாலை அண்ணன் மேலேயிருந்து இறங்கி வந்தார். தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். முழங்கால்வரை சேறு.

"பன்னி கெளறியிருக்கு. தடம் நல்லாத் தெரியுது" என்றார்.

எங்கள் அறிவாளி விரலை மூக்கில் வைத்தார். போனை அவர் பக்கம் திருப்பினார். "சரி, பன்னியே ஒடச்சதுன்னு வச்சுக்குவோம். அந்தப் பன்னிய இந்தப் பக்கம் பத்தி விட்டது யாரு?"

செபமாலை அண்ணன் முழங்கால் சேற்றை வழித்துப் போட்டார். "அதோட பொஞ்சாதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். தண்ணீர் இல்லை என்பது ஞாபகம் வந்து திரும்பி வந்தார்.

ஒரு மாசத்துக்குப் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கொடுக்க நிற்கும்போது, யார் பிந்தி வந்தாலும் "ஒன்ன இந்தப் பக்கம் பத்தி விட்டது யாரு?" என்று கேட்டுச் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த படிவத்துக்கு அவரிடமே போனேன். சிரிக்கிறது சுலபம். பஸ் ஏறி வேறு கடைக்குப் போகிறதுதான் கஷ்டம்.

இப்போது குப்பாயியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சஷ்மிதா என்று பெயர். குப்பாயி நான் வைத்தது. அவள் அம்மா ராணி எனக்குப் பக்கத்துக் காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். ராணிக்கு முதல் இரண்டு பிள்ளையும் ஒரு மாசம் தாண்டவில்லை. மூன்றாவது பிறந்தபோது எங்களில் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தோம். முப்பதாம் நாள் பிள்ளையைச் சுளகில் போட்டு, லயத்துக் கோடியில் குப்பைமேட்டில் வைத்துவிட்டு ராணி திரும்பிப் பாராமல் போனாள். நான் போய் எடுத்தேன். எடுத்துக்கொண்டு வந்து, "இந்தப் புள்ளய எனக்கு விக்கிறியா?" என்று கேட்டேன். "வித்துட்டேன்" என்றாள். ஒரு படி தவிடு கொடுத்தேன். தோட்டத்தில் ஏது தவிடு? கோழித்தீனிக் கடையில் வாங்கி வந்தது. பிறகு, "என் புள்ளய நீயே வளத்துக் குடு" என்று அவள் மடியிலேயே திரும்பக் கொடுத்தேன். வலது மூக்கைக் குத்தி, கடுகு மாதிரி ஒரு மூக்குத்தி போட்டோம். குப்பையில் கிடந்த, தவிட்டுக்கு விற்ற பிள்ளையைச் சாவு ஒரு பொருட்டாக மதிக்காது என்று நம்பிக்கை. குப்பாயிக்கு ஏழு வயசாகிவிட்டது. தீபாவளிக்குச் சட்டை நான்தான் எடுக்கவேண்டும். சேட்டை செய்தால் ராணி சுவரைத் தட்டி, "அக்கா, ஒங்க புள்ளய வந்து கூட்டிட்டுப் போங்க!" என்பாள்.

அந்தப் பிள்ளைதான் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை.

மற்றப் பிள்ளைகளோடு ரோட்டு வழியாகப் பாதி தூரம் வந்திருக்கிறாள். கோயில் திருப்பத்தில், "நீங்க போங்க, நான் வாறேன்" என்றாளாம். அதோடு சரி. மூன்று மணிக்கு நாங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோது ராணி வெறுங்காலோடு ரோட்டில் நின்றாள். அவள் புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. இருட்டும்வரை பள்ளிக்கூடத்து வழி, ஓடை, கோயில் காடு எல்லாம் பார்த்தோம். பொலிசுக்கும் சொல்லியாயிற்று. மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் விடிந்ததும் நான் குப்பாயியின் படத்தை எடுத்துக்கொண்டு அவருடைய கடைக்கு ஓடினேன். சுவரில் ஒட்டக் கொப்பி வேண்டும். மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ஐம்பது கொப்பி காசு வாங்காமல் அடித்தார். இதை மறைக்கக்கூடாது. ஐம்பது கொப்பி அடித்தார்.

கொப்பியைப் பார்த்தேன். குப்பாயியின் முகம் பால்மாப் பெட்டியில் இருக்கிற பிள்ளை மாதிரி வழுவழுவென்று இருந்தது. மூக்கில் மூக்குத்தி இல்லை.

"சார், மூக்குத்தி..."

"பரு மாதிரித் தெரிஞ்சிச்சு தங்கச்சி. சுத்தம் பண்ணிட்டேன். வடிவா இருக்கில்ல?"

காணாமல் போன பிள்ளையின் அடையாளத்தை அழித்துவிட்டு வடிவாக இருக்கிறதா என்று கேட்கிறார். காசு வாங்காமல் அடித்துக் கொடுக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டு இருந்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார். ராணிக்கும் புருஷனுக்கும் எப்படி? ராணி போனில் யாரோடு பேசுவாள்? பிள்ளைமேல் பாசமா?

"பாசமில்லாம என்ன சார்" என்றேன். "அது எனக்கும் புள்ளதான். நான்தானே வாங்குனேன்."

"வாங்குனீங்களா?"

"ஆமா சார். முப்பதாம் நாள். ஒரு படி தவிட்டுக்கு."

விரல் மூக்குக்குப் போயிற்று. அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு, "ம்... எதுவும் சும்மா நடக்காது" என்றார். பயந்த ஆளுக்கு வாய் நிற்காது. பக்கத்தில் யார் இருந்தாலும் பேசிக்கொண்டே இருந்தால் கெட்டது நடக்காது என்று ஒரு நினைப்பு. குப்பைமேடு, சுளகு, கோழித்தீனிக் கடை என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் எழும்பினேன்.

நான் லயத்துக்கு வந்து சேரும்போது செபமாலை அண்ணன் ஆட்களைச் சேர்த்திருந்தார். முப்பத்தைந்து நாற்பது பேர் இருக்கும். தோட்டத்துத் துரையிடம் கேட்டு அன்றைக்கு ஒருநாள் லீவு வாங்கியிருந்தார்கள். பாதிக்குமேல் இளம் பையன்கள். கோயில் திருப்பத்துக்கு மேலே கைவிட்ட மலை ஒன்று உண்டு. தேயிலை வளர்ந்து மரமாகி, மானாப்புல் ஆளுயரத்துக்கு எழும்பி, மேலே பேசன் பழக்கொடி படர்ந்து கிடக்கும். அதற்குள் எத்தனையோ பழைய கான்.

"கண்டபடி பூந்தா ஒன்னும் தெரியாது" என்றார் செபமாலை அண்ணன். "கொழுந்து எடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு நெரை புடிச்சு ஏறுவோம். பக்கத்து நெரைக்காரன் கண்ணுல படணும். கான் வந்தா எறங்கிப் பாத்துட்டுத்தான் தாண்டணும். பழைய செடிதானே, நெரை கலையல."

எல்லாரும் காலுக்குச் சவுக்காரம் பூசினோம். மழைக்கு அட்டை புல் நுனியில் நின்று ஆடும். வரிசையாக ஏறினோம். "குப்பாயீ!" என்று நான் கூப்பிட, பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி மற்றவர்கள் கூப்பிட்டார்கள். பத்து மணிக்குள் மலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. ஒரு செடி தப்பவில்லை.

அந்த மலையில் கீழே போன் வேலை செய்யாது. மலைத்தோளுக்கு ஏறினால்தான் சிக்னல். நாங்கள் தோளுக்கு ஏறிய உடனே பையன்களுடைய போன் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தது.

ஒருவன் பார்த்தான். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டான். அவன் இன்னொருவனை. நிரை கலைந்தது. பத்துப் போனில் ஒரே குரல் சத்தமாகப் பேசியது. அவருடைய குரல்தான். "பிறந்து முப்பதாம் நாளே இந்தக் குழந்தை விற்கப்பட்டது. வாங்கிய பெண் என்னிடம் நேரில் ஒப்புக்கொண்டார். தாயின் கண்ணில் ஏன் கண்ணீர் இல்லை? குழந்தையைக் குப்பை என்று கூப்பிடுகிற இந்தப் பெண் யார்? உறவுகளே, கேள்வி கேளுங்கள்!"

எல்லாம் சொன்னார். தவிட்டை மட்டும் சொல்லவில்லை.

பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதே தோட்டத்துப் பையன்கள்தான். இரண்டு பேருக்கு நான் பால் கொடுத்திருக்கிறேன்.

"டேய், அது தவிட்டுக்கு விக்கிறதுடா. ஒங்க ஆத்தாளக் கேளு!" என்று செபமாலை அண்ணன் கத்தினார்.

"அதெல்லாம் அந்தக் காலத்துக் கத மாமா. அதச் சொல்லி உண்மையிலேயே வித்திருந்தா? சார் ஆதாரத்தோட போட்டிருக்காரு" என்றான் ஒருவன். "வேன்ல கொண்டு போயிருப்பாங்க. எறம்பொட பக்கம் மறிச்சா புடிக்கலாம்."

ஐந்து நிமிஷம். அவ்வளவுதான். மலை காலியாகிவிட்டது. கீழே இறங்கிய பையன்கள் பாதிப் பேர் ரோட்டில் வேன் மறிக்கப் போனார்கள். மீதிப் பேர் என் வீட்டுக்குள் புகுந்து அரிசிப் பீப்பாய்வரை திறந்து பார்த்தார்கள். என் வீட்டு நீல வாளியை யாரோ படம் பிடித்து அனுப்ப, குழுவில் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். "இந்த வாளி ஏன் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது?" என்று கத்தாரிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள். பெண்ணே, வாளியைக் கழுவினால் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். கோழிக்கடைக்காரர், ராணி அழுகிற படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, இது உண்மையான அழுகை இல்லை என்று எழுதியிருந்தார். தினம் நூறு கோழி அறுக்கிறவருக்கு அழுகை தெரியாமல் இருக்குமா?

நான் கொமியூனிகேஷன் கடைக்குப் போன் எடுத்தேன். "சார், தவிட்டுக்குன்னு சொன்னேனே சார். அதையும் போடுங்க சார்."

"நான் பொய் சொல்லலியே தங்கச்சி. வித்தாங்களா, இல்லியா? வாங்குனீங்களா, இல்லியா?"

"வாங்குனேன். ஆனா..."

"அவ்வளவுதான். மிச்சத்த சனம் முடிவு பண்ணட்டும்." போனை வைத்துவிட்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்து ராணியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். வெளிநாட்டிலிருந்தெல்லாம் அவர்களுக்குப் போன் வந்தபடி. சார்ஜன்ட் சிங்களத்தில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். தவிட்டுக்கு என்ன சொல்வது என்று வாயில் வரவில்லை. ராணி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மழ பெய்யுது அக்கா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு அவர் லைவ் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் தமிழ்க் கொன்ஸ்டபிள் ஒருவர் வேலைக்கு வந்து, நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா? என் தங்கச்சியவும் இப்பிடித்தான் வாங்குனாங்க" என்றார். பிறகு ராணியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எங்களை விடும்போது வெளிச்சம் போய்விட்டது.

அன்றைக்கு முழுவதும் மலையில் செபமாலை அண்ணனும் இரண்டு பெண்களும் மட்டும்தான். மூன்று பேர் ஒரு நாளில் எத்தனை நிரை போகமுடியும்? கலைந்த இடத்தில் எது முடிந்த நிரை, எது முடியாத நிரை என்றும் தெரியவில்லை. முதலிலிருந்து பிடித்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் செபமாலை அண்ணன் குப்பாயியைக் கண்டுபிடித்தார். பேசன் கொடி மூடிய ஒரு பழைய கானுக்குள், தண்ணீரில் ஒரு கால் மடங்கிக் கிடந்தாள். உயிர் இருந்தது. உடம்பெல்லாம் அட்டை. பேசன் பழம் பறிக்க ஏறியிருக்கிறாள். கொடியைத் தரை என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறாள். இதுதான் நடந்தது. யாரும் விற்கவில்லை, யாரும் கடத்தவில்லை. சும்மாதான் நடந்தது.

புதன்கிழமை பையன்கள் நிரையை விட்ட இடத்திலிருந்து அந்தக் கான் ஒன்பது நிரை தள்ளி இருந்தது. செபமாலை அண்ணன் எண்ணிவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பேச்சு வந்ததும் குப்பாயி என்னிடம் சொன்னாள். "எல்லாரும் வந்தீங்கதானே பெரியம்மா? நீங்க கூப்பிட்டது கேட்டிச்சு. நான் கத்துனேன். ஆனா ஒரு மாமா போன்ல சத்தமாப் பேசிக்கிட்டே இருந்தாரு. பெறகு எல்லாரும் போய்ட்டீங்க."

இதை எழுதும்போதும் எனக்கு எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

ஒருநாள் முந்தியிருந்தால் காலை முழுசாகக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தண்ணீரில் ஊறி எலும்புவரை சீழ் பிடித்துவிட்டது. மூன்று தடவை அறுத்தார்கள். கால் இருக்கிறது. ஆனால் மற்றக் காலைவிடக் கட்டை.

எங்கள் அறிவாளி என்ன செய்தார் தெரியுமா? வியாழக்கிழமை பத்து மணிக்கே, "நமது குழுவின் அழுத்தத்தால் குழந்தை மீட்பு" என்று போட்டார். கை தட்டுகிற படம், பூப் படம், வாழ்த்து. வெள்ளிக்கிழமை அவருக்கு அது போதவில்லை. கிடைத்த பிள்ளையை வைத்து அவருக்கு என்ன பிரயோசனம்? அவருக்குத் தொலைந்த பிள்ளைதான் வேண்டும். "குழந்தை கானுக்குள் போனது எப்படி? கூலித்தொழிலாளி ஒருவருக்கு மட்டும் அந்த இடம் தெரிந்தது எப்படி?" என்று ஆரம்பித்தார். செபமாலை அண்ணனுடைய படத்துக்கும் சிவப்பு வட்டம் போட்டாயிற்று.

செபமாலை அண்ணனிடம் இருக்கிறது பட்டன் போன். யாரோ போய்ச் சொன்னார்கள். மனிதர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "அந்தக் கான வெட்டுனதே நான்தான். ஒத்துக்கிறேன்னு சொல்லு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அவன் எந்த லயம் தெரியுமா ஒனக்கு? எங்க மேல் டிவிசன்தான். மூணு புள்ள செத்து நாலாவது. அவனையும் குப்பையில போட்டுத்தான் எடுத்தாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு, நின்னு பாத்தேன். மூக்குக் குத்தி, பேரு வச்சாங்க. பாத்ததில்லையா, இன்னமும் அந்த ஓட்டைய மறைச்சுக்கிட்டே திரியிறான்."

அந்தப் பெயரையும் சொன்னார். பயங்கரமான பெயர். கேட்டால் கடைவீதியே சிரிக்கும். இத்தனை வருஷமும் அவர் லைவில் வரும்போது முகம் வழுவழுவென்று, மூக்கில் ஒரு தடமும் இல்லாமல் இருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. குப்பாயியின் படத்தில் மூக்குத்தியைப் பரு என்று நினைத்து அழிக்கவில்லை. தவிட்டுக்கு வாங்குவது என்றால் என்னவென்று தெரியாமல் அதைச் சொல்லாமல் விடவுமில்லை. நான் சொல்லச் சொல்ல விரலை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டாரே, எல்லாம் தெரிந்து கேட்டிருக்கிறார். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். இவரை என்ன செய்வது?

ஆறு மாசம் கழித்து அவருடைய கடைக்கே போகவேண்டி வந்தது. குப்பாயியின் காலுக்கு உதவி கேட்டு ஒரு விண்ணப்பம், அதற்குப் படம். வேறு கடைக்குப் பஸ் ஏறவேண்டும். அவளால் பஸ் படி ஏறமுடியாது. கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள். நான் குப்பாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். மனிதர் எழும்பி நின்றார். வெட்கப்பட்டு என்று நினைத்தேன்.

"வாங்க தங்கச்சி. புள்ள நல்லா இருக்கா? ஒரு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுப்பமா? ஒலகம் முழுக்க விசாரிக்கிறாங்க."

அந்த நேரம் அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. நாலைந்து பேர் முன்னால் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். மனிதர் அந்தக் கடைவீதியில் தலை நிமிர்ந்திருக்கமாட்டார். நான் கூப்பிடவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன். அவர்மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. பெற்ற வயிறு ஒன்று, சாவின் கண்ணில் படாமல் பிள்ளையை ஒளித்து வைக்க வைத்த பெயர் அது. அதை எடுத்துத் தெருவில் போடுகிற வேலையை அவர் செய்வார். நான் செய்யமாட்டேன்.

"வீடியோ வேணாம். படம் மட்டும் புடிங்க" என்றேன். "சார்" என்று சேர்த்துச் சொல்லவில்லை.

படம் பிடித்தார். கம்பியூட்டரில் கை பழக்கத்துக்கு ஓடியது. கன்னத்தைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார், மூக்குக்குப் போனார்.

"மூக்குத்திய அழிக்காதீங்க. இருக்கிற மாதிரி அடிங்க."

என் குரல்தான் அது. நான் திடுக்கிட்டுப்போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அழித்ததைத் திரும்ப வரவழைத்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். பெயர், வயசு, டிவிசன். அடையாளக் குறிகள் என்கிற இடம் வந்ததும் பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு, "வலது கால் ஊனம்" என்று எழுதப் பேனையை வைத்தார்.

"அது அடையாளம் இல்ல" என்றேன். "அது நீங்க பண்ணுனது. அதுக்கு ஆஸ்பத்திரிக் கடுதாசி இருக்கு. அடையாளத்துக்கு மூக்க எழுதுங்க. வலது மூக்குல குத்துன ஓட்ட. தவிட்டுக்கு வாங்குன புள்ளன்னு சேத்து எழுதினாலும் எனக்குச் சரி."

குப்பாயி என் சேலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய விரல் மூக்குக்குக் கிளம்பியது. பாதியில் நின்றது. எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு, மேசைக்கு இறங்கியது.

எழுதினார். நான் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.